கூத்து இரவு

கூத்து இரவு என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஊர்ப் பொதுவிடத்தில் இரவு தொடங்கி விடியும் வரை நடைபெறும் தெருக்கூத்து நிகழ்வையும், அதனையொட்டிய மக்கள் கூடுகையையும் குறிக்கும். நுழைவுக் கட்டணம், இருக்கை வரிசை, அரங்கக் கதவு ஆகியவை இல்லாத இந்நிகழ்வு, நகரச் சபாக்களும் நாடக மன்றங்களும் எட்டாத உழவர், கூலித் தொழிலாளர், கைவினைஞர், பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆகியோரின் நாடக அரங்காக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. அதே வேளையில், யார் எங்கு உட்காரலாம், எந்தக் கோயிலின் முன் யார் நிற்கலாம் என்னும் சாதிக் கட்டுப்பாடுகளும் இவ்விரவுகளில் வெளிப்பட்டுள்ளன. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டாரம் இக்கலையோடு நெருங்கிய தொடர்புடைய பகுதிகளுள் ஒன்றாகும்.

பெயர்

ஊர் மக்கள் பொதுவாக இதனைக் "கூத்து" என்றே அழைக்கின்றனர். "கூத்து வைத்தல்", "கூத்து விடுதல்" என்பன வழக்கில் உள்ள தொடர்கள். ஆய்வாளரிடையேயும் நகரங்களிலும் "தெருக்கூத்து" என்னும் பெயர் பரவியுள்ளது. கலைஞர்களுள் ஒரு சாரார், "தெரு" என்னும் அடைமொழி கலையைத் தாழ்த்திக் காட்டுகிறது எனக் கருதி, "கட்டைக்கூத்து" என்னும் பெயரைப் பயன்படுத்துகின்றனர். வேடதாரிகள் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் போன்ற மரத்தாலான அணிகலன்கள் "கட்டை" எனப்படுவதால் இப்பெயர் அமைந்தது. கூத்துக் குழு செஞ்சி, திருவண்ணாமலைப் பகுதிகளில் "ஜமா" எனப்படுகிறது. குழுத் தலைவர் "வாத்தியார்" எனப்படுவார்.

செஞ்சி வட்டாரம்

செஞ்சி, இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்து அமைந்த கோட்டையால் அறியப்படும் ஊராகும். இக்கோட்டையைச் சிவாஜி 1677 இல் கைப்பற்றினார். நீண்ட முற்றுகைக்குப் பின் 1698 இல் முகலாயர் வசமானது. 1714 இல் ஆற்காட்டு நவாபின் படையுடன் போரிட்டு இறந்த தேசிங்குராசனின் கதை இப்பகுதியில் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் வழங்குகிறது. தேசிங்குவின் முசுலிம் நண்பனும் அக்கதையின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவன். 2025 சூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் போர்க்கோட்டைகள் தொகுதியின் ஓர் உறுப்பாக யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி "பழைய செஞ்சி" எனவும் அழைக்கப்படுகிறது. இங்குள்ள திரௌபதி அம்மன் கோயில், திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயிலாக அவ்வழிபாட்டைச் சார்ந்தோரால் போற்றப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டைப் பற்றி எழுதிய விரிவான ஆய்வின் முதல் தொகுதி 1988 இலும், இரண்டாம் தொகுதி 1991 இலும் வெளிவந்தன. செஞ்சி வட்டாரத்தின் கோயில் மரபுகளும் கூத்துகளும் அவ்வாய்வின் அடிப்படைகளுள் முதன்மையானவை. பாரதப்போர் முடிந்த பின், அசுரன் ஒருவனை அழிப்பதற்காகத் திரௌபதி செஞ்சியில் மீண்டும் தோன்றினாள் என்பது அங்கு வழங்கும் கதையாகும். திரௌபதியின் காவல் தெய்வங்களாகப் போத்துராசாவும் முத்தால் ராவுத்தனும் வணங்கப்படுகின்றனர். முத்தால் ராவுத்தன் முசுலிமாகக் கருதப்படுவது குறிப்பிடத்தக்கது.

செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட பகுதியில், திருவண்ணாமலை மாவட்டத்தில் சீயமங்கலம் அமைந்துள்ளது. இங்குப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் (7 ஆம் நூற்றாண்டு) குடைவித்த குகைக்கோயில் கல்வெட்டில் அவனிபாசன பல்லவேசுவரம் எனக் குறிக்கப்படுகிறது. அதன் தூணில் உள்ள ஆடும் சிவனின் சிறு புடைப்புச் சிற்பம், தமிழகத்தில் கல்லில் வடிக்கப்பட்ட பழமையான நடராச வடிவங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆடலைக் கல்லில் போற்றிய மரபும், ஆடலை மண் தரையில் நிகழ்த்திய மரபும் ஒரே வட்டாரத்தில் காணப்படுகின்றன.

ஓர் இரவின் அமைப்பு

கூத்து வைக்க விரும்பும் ஊரார், வாத்தியாரிடம் வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்து நாளை உறுதி செய்வர். இது "தாம்பூலம் வைத்தல்" எனப்படும். ஆடுகளம், கோயில் முன்புறம், தெருச் சந்தி, அறுவடை முடிந்த வயல் என ஊரின் வசதிக்கேற்ப அமையும். களத்தின் பின்புறம் ஒரு விசுப்பலகையில் இசைக்கலைஞர்களும் பின்பாட்டுக்காரர்களும் அமர்வர். மிருதங்கம், டோலக்கு, முகவீணை, தாளம், ஆர்மோனியம் ஆகியவை முதன்மையான இசைக்கருவிகள். மற்ற மூன்று பக்கங்களிலும் மக்கள் தரையில் பாய் விரித்து அமர்வர்.

முற்காலத்தில் தீவட்டி வெளிச்சத்தில் ஆடப்பட்ட கூத்து, பின்னர்ப் பெட்ரோமாக்சு விளக்கிலும், மின்சாரம் வந்தபின் குழல்விளக்கிலும் ஆடப்படலாயிற்று. ஒலிபெருக்கியும் அதனுடன் சேர்ந்தது. கூத்து இரவு பொதுவாகப் பின்வரும் நிலைகளில் நிகழும்.

1. களரி கட்டுதல்: இசைக்கருவிகள் முழங்கி, கூத்து தொடங்கவிருப்பதை ஊருக்கு அறிவித்தல். ஒலியைக் கேட்டு அண்டை ஊர்களிலிருந்தும் மக்கள் வருவர்.
2. கடவுள் வாழ்த்து: பிள்ளையார் முதலிய தெய்வங்களைப் பாடுதல்.
3. கட்டியங்காரன் வருகை: கோமாளியும் அறிவிப்பாளனுமாகிய கட்டியங்காரன் கதையை அறிமுகப்படுத்துதல்.
4. திரைப் பிரவேசம்: இருவர் பிடிக்கும் திரைக்குப் பின் நின்று வேடதாரி பாடி, பின் திரை விலக வெளிப்பட்டு ஆடுதல்.
5. கதை நிகழ்வு: பாட்டு, வசனம், அடவு, வாக்குவாதம், போர் என விடியும் வரை தொடருதல்.
6. மங்களம்: விடியலில் வாழ்த்துப் பாடி முடித்தல்.

களத்தைச் சுற்றித் தேநீர், வடை, சுண்டல், பொரி, பலூன் விற்கும் கடைகள் முளைக்கும். நள்ளிரவுக்குப் பின் குழந்தைகள் அங்கேயே உறங்குவதும், போர்க் காட்சி வரும்போது பெரியவர்கள் அவர்களை எழுப்பிவிடுவதும் வழக்கம். வெளியூருக்குத் திருமணமாகிச் சென்ற பெண்கள் பிறந்த ஊருக்கு வருவதற்கும், உறவினர் ஒன்றுகூடுவதற்கும் கூத்து இரவு ஒரு வாய்ப்பாகும். ஆகவே இதனை நாடக நிகழ்வு என்பதோடு ஊரின் சமூகக் கூடுகை எனவும் கொள்ளலாம்.

பாரத விழா

கூத்து இரவுகள் மிகுதியாக நிகழ்வது திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில் ஆகும். பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் இவ்விழாக்கள் நடைபெறுகின்றன. பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தை அடியொற்றிக் கதை சொல்வார். இரவில் அக்கதைப் பகுதி கூத்தாக ஆடப்படும். திரௌபதி திருமணம், இராசசூய யாகம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதம், கிருட்டிணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்னன் சண்டை, கர்ணமோட்சம், பதினெட்டாம் போர் ஆகியவை அடிக்கடி ஆடப்படும் கூத்துகள்.

இவற்றுள் சில, களத்தை விட்டு ஊர் முழுவதும் விரிவன. அர்ச்சுனன் தபசில் வேடதாரி உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சை, விபூதி முதலியவற்றை வீசுவார். குழந்தைப் பேறு வேண்டும் பெண்கள் அவற்றை முந்தானையில் ஏந்துவர். இறுதி நாளில் மண்ணால் செய்யப்பட்ட பேருருவத் துரியோதனன் களத்தில் கிடத்தப்படுவான். இப்படுகளத்தில் திரௌபதி கூந்தல் முடித்து, தன் சபதத்தை நிறைவேற்றுவாள். அன்று மாலை தீமிதி நடைபெறும்.

கர்ணமோட்சம், இறந்தவர்களுக்கான சடங்கின்போதும் ஆடப்படுகிறது. துக்க வீட்டார் கூத்து வைப்பதும், ஊரார் இரவு முழுவதும் அவர்களுடன் விழித்திருப்பதும், நாடகம் துயரைப் பகிரும் வழியாக அமைவதைக் காட்டுகின்றன.

பார்வையாளரின் இடம்

கூத்தில் பார்வையாளர் அமைதியாக அமர்ந்து காண்பவர் மட்டும் அல்லர். கட்டியங்காரன் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பான், ஊர்ச் செய்திகளைக் கேலி செய்வான், அரசனின் வீரவுரைக்கு எளிய மக்களின் மொழியில் எதிர்வினை தருவான். அரச பாத்திரங்கள் இலக்கிய நடையில் பாட, கட்டியங்காரன் வட்டாரப் பேச்சில் அதற்குப் பொருள் சொல்வதால், எழுத்தறியாதோருக்கும் கதை விளங்கும். நிலவுடைமையாளர், அதிகாரிகள், விலைவாசி, குடும்பப் பூசல் என நேரில் பேச இயலாதவை கட்டியங்காரன் வாயிலாகப் பொதுவில் பேசப்படுகின்றன.

மக்கள் கலைஞர்களுக்கு அளிக்கும் அன்பளிப்பு, கூத்தின் இடையிலேயே கொடுத்தவர் பெயருடன் அறிவிக்கப்படும். நாடகத்துக்கான செலவை ஊரார் வரி பிரித்து ஏற்கின்றனர். வரி கொடுப்பவர் ஊரின் உறுப்பினர் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளதால், யாரிடம் வரி பெறப்படுகிறது, யாரிடம் பெறப்படுவதில்லை என்பது சாதி சார்ந்த உரிமைச் சிக்கலாகவும் அமைகிறது.

துகில் உரியும் காட்சிக்கு முன் கற்பூரம் ஏற்றி வழிபடுவது வழக்கம். அக்காட்சியில் வேடதாரிகளும் பார்வையாளரும் ஆவேசம் கொள்வதுண்டு. அவையில் இழிவுபடுத்தப்பட்ட பெண் நீதி கேட்கும் இக்காட்சி, பார்வையாளரிடையே ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்துவதாகும்.

சாதியும் விலக்கும்

கூத்துக் கலைஞர்கள் பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். வன்னியர், பறையர், வண்ணார், நாவிதர், பண்டாரம் முதலிய சமூகத்தினர் இதில் உள்ளனர். முற்காலத்தில் சில ஊர்களில், குறிப்பிட்ட விழாக்களில் ஆடும் உரிமையும் கடமையும் ஊழியச் சாதியினருக்குப் பரம்பரையாக இருந்தன. நிலவுடைமைச் சாதியினரைச் சார்ந்து வாழ்ந்த இந்நிலை, இருபதாம் நூற்றாண்டில் பணத்திற்கு ஒப்பந்தம் பேசும் தொழில்முறைக் குழுக்களாக மாறியது.

வட மாவட்டக் கிராமங்களில் "ஊர்" எனவும் "சேரி" அல்லது "காலனி" எனவும் குடியிருப்புகள் பிரிந்துள்ளன. ஊர்க் கோயில் முன் ஆடப்படும் கூத்தைத் தலித் மக்கள் தொலைவில் நின்றோ, தனியே ஒதுக்கப்பட்ட பக்கத்தில் அமர்ந்தோ காணும் நிலை பல இடங்களில் இருந்தது. இதற்கு மாற்றாகக் காலனிகளில் தனி விழாக்களும், தலித் கலைஞர்களைக் கொண்ட தனிக் குழுக்களும் உருவாயின. இவ்விரவுகளில் ஏற்பாட்டாளரும் கலைஞரும் முன்வரிசைப் பார்வையாளரும் அம்மக்களே ஆவர்.

சட்ட நிலையில், சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947 இல் இயற்றப்பட்டது. இந்திய அரசியலமைப்பின் 15 ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பொதுக் கேளிக்கை இடங்களில் எவரையும் தடுக்கக் கூடாது எனக் கூறுகிறது. 17 ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955 ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், கோயிலிலும் பொதுக் கேளிக்கை இடத்திலும் தீண்டாமை பாராட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆகவே நாடகம் பார்க்கும் உரிமை, இந்தியாவில் சட்டம் வெளிப்படையாகப் பாதுகாக்கும் உரிமைகளுள் ஒன்றாகும்.

எனினும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள தருமராசா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் விழாவின்போது சென்ற தலித் மக்கள் தாக்கப்பட்டனர். அதனைத் தொடர்ந்த பதற்றத்தால் 2023 சூன் 7 அன்று வருவாய்த் துறையினர் கோயிலுக்கு முத்திரையிட்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டிற்குப் பின் 2025 ஏப்ரலில் கோயில் மக்களுக்குத் திறக்கப்பட்டபோது, காவல்துறைப் பாதுகாப்புடன் தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர்.

பெண்கள்

கூத்தின் பார்வையாளருள் பெண்கள் பெரும்பங்கினர். ஆனால் மேடையில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்று வந்தனர். இரவு முழுவதும் வெளியூரில் ஆடுவது பெண்ணுக்கு ஏற்றதன்று என்னும் கருத்து இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கூத்துக் கலைஞர் பெ. இராசகோபாலும் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் இணைந்து தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் (1990), காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தை அமைத்தது. இங்கு ஆண் பிள்ளைகளுடன் பெண் பிள்ளைகளும் பள்ளிக் கல்வியோடு கூத்துப் பயின்றனர். பெண்கள் ஆண் வேடங்களையும் கட்டியங்காரன் வேடத்தையும் ஏற்று ஆடியது மரபில் புதுமையாகும். குருகுலம் 2020 இல் மூடப்பட்டது. அதில் பயின்றோர் பலர் தொடர்ந்து கலையில் ஈடுபட்டு வருகின்றனர்.

திருநங்கையர்

அரவான் களப்பலிக் கதையுடன் தொடர்புடைய கூவாகம் கூத்தாண்டவர் கோயில், 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. சித்திரை முழுநிலவை ஒட்டி நடக்கும் விழாவில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து திருநங்கையர் கூடுகின்றனர். அரவானை மணந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவன் பலியானதும் தாலி அறுத்துக் கைம்மை ஏற்பது சடங்கின் மையமாகும். பாரதக் கதையின் ஒரு பகுதியைத் தம்முடையதாகக் கொண்ட ஒரு சமூகம், ஆண்டுதோறும் ஒன்றுகூடும் விழாவாக இது விளங்குகிறது.

நகர அரங்குகளும் கூத்தும்

சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் தொடங்கிய சுகுண விலாச சபை, கற்ற நடுத்தர வகுப்பினரின் நாடக அரங்காக விளங்கியது. அத்தகைய சபாக்களின் பார்வையில் கூத்து நாகரிகமற்ற கலையாகத் தோன்றியது. "கூத்தாடி" என்னும் சொல் வசைச்சொல்லாகவும் வழங்கியது.

இப்பார்வை 1970களில் மாறத் தொடங்கியது. எழுத்தாளர் ந. முத்துசாமி, திருவண்ணாமலை மாவட்டம் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் குழுவினரின் கூத்தைக் கண்டு, அதனைத் தமிழரின் செவ்வியல் நாடக வடிவமாக முன்வைத்து எழுதினார். 1977 இல் அவர் கூத்துப்பட்டறையை நிறுவினார். புரிசைக் கலைஞர்கள் நகர நடிகர்களுக்குப் பயிற்சி அளித்ததுடன், வெளிநாட்டு விழாக்களிலும் ஆடினர். கண்ணப்பத் தம்பிரான் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். ஆயினும் நகர அரங்கில் கூத்து ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. அதன் இயல்பான பார்வையாளர் அங்கு இல்லை என்பதும் விமர்சனமாக முன்வைக்கப்பட்டது.

தலித் அரங்கின் முன்னோடியான கே. ஏ. குணசேகரன் (1955-2016), நாட்டார் இசையையும் ஆட்டத்தையும் கொண்டு "பலி ஆடுகள்" முதலிய நாடகங்களைப் படைத்தார். சென்னையின் ஊரூர் ஆல்காட்டு குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் 2015 முதல் நடத்தப்பட்ட கலைவிழா, சபாக்களுக்குரியதாகக் கருதப்பட்ட கருநாடக இசையையும் பரதநாட்டியத்தையும் நாட்டார் கலைகளுடன் ஒரே மேடையில் கட்டணமின்றி அளித்தது. கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா அதன் முன்னின்ற அமைப்பாளர்களுள் ஒருவர்.

இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும்

இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) ஆகியவை அவற்றுள் சில. யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் நுழைவுப் போராட்டம் 1968 இல் நிகழ்ந்த பின், அதனைப் பொருளாகக் கொண்ட "கந்தன் கருணை" கூத்து வடிவில் மேடையேறியது. கோயிலுக்குள் விடப்படாத மக்களின் கதை, கோயில் சார்ந்த கலைவடிவிலேயே சொல்லப்பட்டது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து, தோட்டத் தொழிலாளரின் கூட்டு நிகழ்வாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர், கூத்தையும் உடன் கொண்டு சென்றனர். ரீயூனியன் தீவில் அது "பால் தமூல்" எனப் பெயர் பெற்றது. கரிபியன் தீவான குவாதலூப்பில் "நாடகம்" என்னும் சொல்லே திரிந்து வழங்குகிறது. தமிழ்ப் பேச்சு மறைந்த இடங்களிலும் இப்பாடல்கள் எஞ்சியிருந்தன.

உலகில் ஒப்பிடத்தக்க முயற்சிகள்

மேலை நாட்டு அரங்குகளில், பார்வையாளராக வராத சமூகத்தினரை அழைப்பதற்கெனத் தனி இரவுகள் ஒதுக்கப்படுகின்றன. நியூயார்க்கின் பிராட்வேயில் செரமி ஓ. ஹாரிசு எழுதிய "சிலேவ் பிளே" நாடகத்தின் 2019 செப்டம்பர் 18 காட்சிக்குக் கறுப்பினத்தவர் சிறப்பாக அழைக்கப்பட்டனர். கோல்டன் அரங்கின் 804 இருக்கைகள் அவர்களால் நிரம்பின. "பிளாக் அவுட்" எனப்பட்ட இம்முறை பின்னர் இலண்டனிலும் பின்பற்றப்பட்டது. அங்கு 2024 பிப்ரவரியில் பிரித்தானியப் பிரதமர் அலுவலகம் இதனைப் பிரிவினையை வளர்ப்பது எனக் குறை கூறியது. மற்றப் பார்வையாளர் இருக்கும்போது அடக்கி வைக்கும் சிரிப்பையும் அழுகையையும் அவ்விரவில் தயக்கமின்றி வெளிப்படுத்தலாம் என்பது ஆதரவாளரின் வாதம். மதியிறுக்கம் உடையோருக்காக ஒலியும் ஒளியும் தணிக்கப்பட்டு, எழுந்து நடக்கவும் பேசவும் இசைவளிக்கும் காட்சிகளும் பிரித்தானியாவில் நடத்தப்படுகின்றன.

கூத்து இரவில் எழுவதும் பேசுவதும் உண்பதும் உறங்குவதும் இயல்பானவை. அவ்வகையில் மேலை அரங்கம் தனி ஏற்பாடாகச் செய்வதைக் கூத்து பொது நடைமுறையாகக் கொண்டுள்ளது. மாறாக, சாதிப் பிரிவினை இல்லாத இருக்கை என்பது கூத்துக் களத்திற்குத் தானாகக் கிடைத்த ஒன்றன்று.

இன்றைய நிலை

இரவு முழுவதும் ஆடும் வழக்கம் பல காரணங்களால் சுருங்கி வருகிறது. திரைப்படம், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவையும், விழாக்களில் இடம்பிடித்த "ஆடல் பாடல்" நிகழ்ச்சிகளும் போட்டியாக உள்ளன. இளையோர் வேலைக்காக நகரங்களுக்குச் செல்வதால் கலைஞரும் பார்வையாளரும் குறைகின்றனர்.

2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2005 சூலை 18 அன்று அளித்த தீர்ப்பு இவ்விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப் பணித்தது. உறக்கத்திற்கும் உடல்நலத்திற்கும் இவ்விதிகள் தேவையானவை. எனினும் மூடிய அரங்குகளுக்கு இத்தடை பொருந்தாது. அரங்கக் கட்டடம் இல்லாத, விடியும் வரை நீளும் கலை கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது. இதனால் பல ஊர்களில் கூத்து காவல்துறை அனுமதியையும் ஊராரின் இணக்கத்தையும் சார்ந்தே நடைபெறுகிறது.

2020 மார்ச்சு 25 அன்று தொடங்கிய கொரோனா ஊரடங்கு, பாரத விழாக் காலத்தின் தொடக்கத்தில் அமைந்தது. அவ்வாண்டு விழாக்கள் நின்றதால், ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதியைச் சில மாதங்களில் ஈட்டும் கலைஞர்கள் கூலி வேலைகளை நாட வேண்டியதாயிற்று. கட்டுப்பாடுகள் நீங்கிய பின் விழாக்கள் மீண்டும் நடைபெறுகின்றன. செஞ்சி, வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் கோடை இரவுகளில் களரி கட்டும் ஒலி இன்றும் கேட்கிறது.

இவற்றையும் பார்க்க

- தெருக்கூத்து
- திரௌபதி அம்மன் வழிபாடு
- கட்டியங்காரன்
- செஞ்சிக் கோட்டை
- சீயமங்கலம் குகைக்கோயில்
- காமன் கூத்து
- கூத்தாண்டவர் விழா